மேரியும் அமுக்கரா மாத்திரையும்

நாற்பத்தாறு வயதில் மேரி எழுபது கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்கினாள். காஞ்சிபுரம் ஓரிக்கையில் அவள் போகிற ஜிம்மில் வேறெந்தப் பெண்ணும் அந்த எடையைத் தொட்டதில்லை. முதுகுவலிக்குப் பார்த்த டாக்டர், சதை பிடித்தால்தான் எலும்பு நிற்கும் என்று சொல்லி அனுப்பியதில் தொடங்கிய பழக்கம், இப்போது மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தது.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கிய பிறகு எழுபதுக்கு மேல் ஒரு கிலோகூட ஏறவில்லை. ஓயாத போன், மாறி மாறி ஷிப்ட், யாரோ செய்த தப்புக்கு இவள் வாங்கும் திட்டு. ஜிம்மில் பயிற்சி தரும் விக்ரம்தான் காரணம் சொல்லி, ஒரு மாத்திரை டப்பாவையும் நீட்டினான்.

"டென்ஷன் ஆனா ஒடம்புல கார்ட்டிசோல் ஏறும்கா. அது ஏறிக்கினா, எவ்ளோ தூக்கினாலும் சதை புடிக்காது. இத்த தெனம் ஒண்ணு போடு. நம்ம அமுக்கரா கிழங்குதான், இயற்கை."

அவன் சொன்னது ஒன்று. சீக்கிரம் பலிக்கட்டுமென்று மேரி போட்டது இரண்டு.

முதலில் மனசு லேசானது போலத்தான் இருந்தது. ஐந்தாம் வாரம், கம்பெனி பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. டம்ளரைப் பிடித்த விரல்கள் நடுங்கின. மேரியின் அப்பா ஐம்பது வயதில் மாரடைப்பில் போனவர். நமக்கும் வந்துவிட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பள்ளி வேன் ஓட்டும் கணவன் சிவராஜிடம் மூச்சுவிடவில்லை. பத்து நாள் தனியாகவே பயந்தாள்.

ஜிம்மில் கண் இருட்டி அவள் சுவரைப் பிடித்துக்கொண்ட அன்று, விக்ரம் சிவராஜுக்கு போன் பண்ணினான். அவர் வேனோடு வந்து அவளைச் சின்ன காஞ்சிபுரத்தில் டாக்டர் மானஸாவிடம் கூட்டிப்போனார்.

ஈசிஜி எடுத்தார்கள். "வேகமா துடிக்குது. மத்தபடி கோளாறு எதுவும் தெரியலை," என்றார் மானஸா. "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"தைராய்டு மாத்திரை மட்டுந்தான் டாக்டர். ஆறு வருஷமா."

"வேற? பொடி, லேகியம், கஷாயம்?"

"மருந்துன்னு எதுவும் இல்லீங்க." மேரி இழுத்தாள். "அமுக்கரா மாத்திரை போட்டுக்கினு இருக்கேன். அது இயற்கைதானே?"

மானஸா பேனாவைக் கீழே வைத்தார்.

"இயற்கையா இருந்தாலும் உடம்புக்குள்ள வேலை செய்யும்மா. சிலருக்குத் தைராய்டைத் தூண்டிவிட்டுடும். நீங்க அதுக்கு ஏற்கெனவே மாத்திரை போடறீங்க. ரெண்டும் சேர்ந்துடுத்தோ என்னவோ. ரத்தம் பார்த்துடலாம்."

மறுநாள் மாலை ரிப்போர்ட் அவர் சொன்னபடியே வந்தது: தைராய்டு ஏறியிருந்தது. இதயத்துக்கு ஒன்றுமில்லை. அமுக்கராவை அன்றோடு நிறுத்த வேண்டும். ஆறு வாரம் வெறும் நடை; அதற்குள் மாநிலப் போட்டி முடிந்துவிடும். மறுபடி ரத்தம் பார்த்துச் சரியாக இருந்தால், பிறகு தாராளமாக எடை தூக்கலாம்.

படியிறங்கும்போதே மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பத்து நாளா செத்துடுவேன்னே நெனச்சிக்கினு இருந்தேன்பா."

"எனக்குத் தெரியாதா? தட்டுல கைய வெச்சிட்டு அப்டியே எழுந்து போற. கேட்டா எரிஞ்சி வுழற." சிவராஜ் தொண்டையைச் செருமினார். "அதான், உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை வேண்டிக்கினேன்."

மேரி அவர் தலையைப் பார்த்தாள். ஞாயிறு தவறாமல் மை அடித்து, கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்று அவர் வாரிக்கொள்ளும் தலை. தெரு என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். முடியைத் தடவிக்கொண்டே அவரும் சிரித்தார்.

"போட்டி போனா போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ மொதல்ல வேளாங்கண்ணிக்கு டிக்கெட்டு போடு."