நூற்றாண்டு விழாவும் முன்னி பேகத்தின் கல்லும்

"கல்லுல கை வெச்சா, வெச்ச கை வூடு போயி சேராது, தலைவரே."

முன்னி பேகம் இதைச் சொன்னபோது அவர் முதுகு சுமைதாங்கிக் கல்லில் சாய்ந்திருந்தது. எதிரே ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. நூற்றாண்டு விழாக் குழுத் தலைவர் கண்ணாயிரம் அதைவிடச் சத்தமாக உறுமினார். விழா வளைவு இங்கேதான் வரும், கல் ஏரிக்கரைக்குப் போகும், குழு தீர்மானம் போட்டாயிற்று என்றார். குழு என்பது அவரும் அவர் மச்சானும்தான் என்று டீக்கடை ஜோதியம்மாள் நாலு பேர் காதில் விழும்படி முணுமுணுத்தார்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில், திருவண்ணாமலைக்குள் நுழையச் சற்று முன்னால் இருக்கிறது சுமைதாங்கிப்பேட்டை. சுமைதாங்கி என்றால் இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள், தோள் உயரம். தலைச்சுமையோடு வருகிறவர் ஒருத்தர் உதவியும் கேட்காமல் பாரத்தை அப்படியே நகர்த்தி வைத்து மூச்சு விடலாம். இந்தக் கல், வயிற்றுப் பிள்ளையோடு வழியில் இறந்துபோன யாரோ ஒருத்தியின் நினைவாக அவள் வீட்டார் நட்டது. பாரம் இறக்க நின்றவர்களுக்கு ஒருவர் தண்ணீர்ப் பானை வைத்தார், இன்னொருவர் வேர்க்கடலை கொட்டி விற்றார், பிறகு கண்ணாயிரத்தின் தாத்தா கொட்டகை போட்டுச் சந்தை கூட்டினார். அந்தச் சந்தைக்குத்தான் இந்த வருஷம் நூறு. கண்ணாயிரத்தைக் கேட்டால் ஊர் தாத்தாவிடம் தொடங்குகிறது; அதற்கு முன்னால் இருந்தது வெறும் ரோடு.

ஊருக்குப் புரியாதது ஒன்றுதான். அந்தக் கல், கயிறும் பிளாஸ்டிக் குடமும் விற்கும் முன்னி பேகத்தின் கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. எடுத்தால் முதல் லாபம் அவருக்கு. கண்ணாயிரமும் அதையே கேட்டார்.

"பாயம்மா, உன் கடையத்தானே மறைக்குது? எடுத்தா யாவாரம் ஜாஸ்தி ஆவும். உனக்கு இன்னா நோவுது?"

"என் யாவாரத்த நான் பாத்துக்கறேன். ஊருக்குப் பொறந்த நாளு கொண்டாடணும்னு பெத்தவளை வூட்ட வுட்டுத் தொரத்துவாங்களா?"

கூட்டம் சிரித்தது. எதையும் தாங்குவார் கண்ணாயிரம், சிரிப்பைத் தாங்க மாட்டார். வாயை விட்டார்.

"இதுல இப்ப எவன் சுமை எறக்கறான்? விழா முடியறதுக்குள்ள ஒருத்தன், ஒரே ஒருத்தன் தலைச்சுமைய இங்க எறக்கட்டும். கல்லு இங்கியே இருக்கும். வளைவ நான் வேற எடத்துல வெச்சிக்கறேன்."

ஜோதியம்மாள் காதில் விழுந்தது, ரேடியோவில் வந்தது மாதிரி. இனி அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

மறுநாளிலிருந்து முன்னி பேகம் வியாபாரத்தைவிட ரோட்டைத்தான் அதிகம் பார்த்தார். காய்கறி குட்டியானையில் வந்தது. பூக்காரி ஷேர் ஆட்டோவில் வந்தாள். சலவை மூட்டை மொபெட்டில் போனது. மணல் சட்டியோடு வந்த சித்தாள் ஒருத்தி, இங்கே இறக்கினால் மேஸ்திரி திட்டுவார் என்று நேராகப் போய்விட்டாள். குடக் கட்டைத் தானே தலையில் தூக்கி வந்து கல்லில் வைத்தார் முன்னி பேகம். சொந்தக் கடைச் சரக்கு செல்லாது என்று ஆள் அனுப்பினார் கண்ணாயிரம். அடுத்து முன்னி பேகம் தன் மகன் சுஹைலைக் கேஸ் சிலிண்டரைத் தலையில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். வேங்கிக்காலில் புது வீடு பார்த்துக்கொண்டிருந்த அவன், மானம் போய்விடும் என்று பைக்கிலேயே கொண்டுவந்தான்.

"ஒரு கல்லுக்காவா இவ்ளோ பிடிவாதம், முன்னிக்கா?" என்று ஜோதியம்மாள் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

முன்னி பேகம் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பார். "எங்க ஆபா, என் பெரியக்கா, அவளும் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் போனா. வயித்துல புள்ளையோட. அவளுக்கு யாரும் கல்லு நடல. இதுல பேரு எழுதல பாரு, ஜோதி. யாருக்குன்னாலும் வெச்சிக்கலாம்."

ஜோதியம்மாள் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சரித்திரத்திலேயே அது ஒன்றுதான்.

விழா நோட்டீஸ் வந்தது. தாத்தா சந்தை கூட்டிய அதே இங்கிலீஷ் தேதி. முன்னி பேகம் அதைச் சுவரிலிருந்த காலண்டரோடு வைத்துப் பார்த்தார். அந்தத் தேதியில் முழு நிலா இருந்தது. பௌர்ணமி. மலை சுற்ற வரும் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலைக்கு வெளியே தடுப்பு வைத்து வண்டிகளையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். சுமைதாங்கிப்பேட்டை தடுப்புக்கு உள்பக்கம். கண்ணாயிரத்துக்கும் இது தெரியாததல்ல. தாத்தா தலைக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு நிலாவுக்கு எங்கே இடம்? சொல்லிவிடலாம் என்று முன்னி பேகம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் வாய் தானாக மூடி அன்றுதான் கடைத்தெரு பார்த்தது.

விழா அன்று மதியம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பந்தல் சாமான், நாற்காலி, அண்டா, கல்வெட்டு எல்லாம் ஏற்றிய வேன் தடுப்பில் நின்றது. கண்ணாயிரம் போன் மேல் போன் போட்டார். ஆதார் கார்டு காட்டினால் ஆளை விடுவோம், வண்டியை விட மாட்டோம் என்றார்கள் போலீஸ்காரர்கள். பந்தல்காரர் மகன் பிரசாத் ஒரு நாற்காலி அடுக்கைத் தலையில் ஏற்றினான். வேறு வழி இல்லாமல் ஊரே பின்னால் ஏற்றிக்கொண்டது.

முன்னி பேகம் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிரசாத்தான் முதலில் வந்தான். கல்லை நோக்கித்தான் வந்தான். பக்கத்தில் கண்ணாயிரத்தின் மகள் வினோதினி தண்ணீர்ச் சொம்போடு நிற்கவே, நாற்காலிகளைத் தரையில் போட்டுவிட்டு அங்கே போனான். மற்ற நாற்காலிக்காரர்களும் அண்டாக்களைக் கழியில் கோத்து வந்தவர்களும் நிற்காமல் நேரே சந்தைக்குப் போனார்கள். முன்னி பேகம் தடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

கடைசியாகக் கண்ணாயிரம் வந்தார். தாத்தா பேரும் தன் பேரும் தங்க எழுத்தில் வெட்டிய கருங்கல் பலகையை அவர் யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை. சும்மாட்டின் மேல் பலகை, பலகையின் கீழ் கழுத்து, கழுத்தே தெரியவில்லை. கீழே போட்டால் தாத்தா உடைவார். நின்றால் பேரன் உடைவார்.

"யாராச்சும் புடிங்கடா."

சுஹைல் பாய்ந்தான். முன்னி பேகம் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். விடவில்லை. தையல் விட்ட சத்தம் கேட்டது, அப்போதும் விடவில்லை. டீக்கடையிலிருந்தும் ஒருத்தர் எழவில்லை.

கண்ணாயிரம் கல்லைப் பார்த்தார். முன்னி பேகத்தைப் பார்த்தார். இரண்டும் நகர்வதாக இல்லை. கால் நடுங்க இரண்டு எட்டு வைத்து, பலகையைக் கல்லின் மேல் நகர்த்திவிட்டு, பிள்ளை பெற்றவர் மாதிரி மூச்சு விட்டார்.

கல்வெட்டு சுமைக் கணக்கில் வராது என்று அவர் ஆரம்பித்தார்.

"அத உங்க கழுத்தக் கேளுங்க" என்றார் ஜோதியம்மாள்.

முன்னி பேகம் ஒரு குடம் தண்ணீரையும் டம்ளரையும் எடுத்து வந்தார். "குடிங்க தலைவரே. கல்லு எதுக்கு இருக்குது? நல்லா மூச்சு வாங்கிட்டுப் போங்க."

குடித்தார். வளைவு சந்தை வாசலுக்குப் போனது. விழா நடந்தது, சாப்பாடு இருட்டித்தான் வந்தது, உப்பு கம்மி.

மறு தையில் வினோதினி பிரசாத்தைக் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டாள். அந்தச் சொம்புத் தண்ணீர் யாருக்கு வைத்தது என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணப் பந்தல் இலவசம் என்று சொல்லிக் கண்ணாயிரம் மனதைத் தேற்றிக்கொண்டார். கழுத்துக்குத்தான் இன்னும் பட்டை கட்டியிருக்கிறார். சுஹைல் வேங்கிக்காலுக்குக் குடிபோனான். பேரனைப் பார்க்க முன்னி பேகம் அடிக்கடி போகிறார், வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறார். மறுநாள் கல்லைத் துடைக்க வேண்டும்.