வராதே என்று சொன்ன வாய்

"மினதிய நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றார் தலைமையாசிரியர் சுப்புராயன், ஏதோ சாக்பீஸ் வாங்கிவரச் சொல்வதுபோல. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். அட்டை வைத்துப் பாடம் நடத்தும் புதுமுறையைப் பார்க்கிறார்களாம். ஒரிசாப் பிள்ளையான மினதி ஓர் அட்டையைத் தப்பாகப் படித்துவிட்டால் பள்ளிக்கூடத்து மானம் கப்பலேறிவிடுமாம்.

மேலிடத்து ஆட்கள் வந்தால் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவைப்பது புதிதல்ல, எப்போதும் நடக்கிற கூத்துதான். ஆனாலும் பூர்ணிமா டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மினதிக்கு எட்டு வயது. அப்பனும் அம்மாவும் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் ஃபியூஸ் கட்டை செய்கிறவர்கள். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் வந்த பிள்ளை, ஐந்தே மாதத்தில் பன்னிரண்டாவது அட்டைக்கு ஏறியிருந்தாள். இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டாமா? பூர்ணிமா வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அன்று மாலையே மினதியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளக்காரங்க போனப்புறம் வாம்மா."

மறுநாள் வந்த வெள்ளைக்கார அம்மாள் பாய்களையும் அட்டைகளையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். கூட வந்த அதிகாரி தமிழில் சொன்னார்: "அவங்க ஊரு ஸ்கூலுல பத்து நாட்டுப் புள்ளைங்க, பத்து பாஷையாம். எப்படிச் சொல்லிக்குடுக்கறதுன்னு திணறுறாங்களாம். இங்க வேற பாஷை பேசற புள்ளைங்க இருக்குதான்னு கேக்கறாங்க."

"அப்படி யாரும் இல்லீங்க" என்றார் சுப்புராயன், கொஞ்சமும் கூசாமல்.

பூர்ணிமாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த கம்பெனிக்கு நடந்தாள்.

அங்கே மினதி, சூளையில் சுட வேண்டிய ஃபியூஸ் கட்டைகளைப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை வெள்ளை மண்.

"இன்னாம்மா இது?" என்றாள் பூர்ணிமா அவள் அம்மாவிடம்.

"நீதான ஸ்கூலு வேணாம் சொன்ன" என்றாள் அவள், தெரிந்த தமிழில். "மேஸ்திரி பாத்தாரு. கை நல்லா இருக்குது, தெனம் கூட்டிட்டு வா சொன்னாரு."

செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது பூர்ணிமாவுக்கு. சுப்புராயனைத் திட்டி என்ன பயன்? பிள்ளையிடம் வந்து சொன்ன வாய் இவள் வாய்.

"நான் சொன்னது தப்பும்மா. புள்ளைய அனுப்பு."

அந்தப் பெண் மகளின் முன்னாலிருந்த பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மினதி எழுந்திருக்கவில்லை. "வெள்ளக்காரங்க போயிட்டாங்களா டீச்சர்?"

"போவல. இருக்கறாங்க" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள் பூர்ணிமா. "கை கழுவ வேணாம். அப்படியே வா."