‘யாருது’ சொன்ன பெயர்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பிரிசில்லா, ஒருநாள் பேக்கரியில் டீ குடித்தபடி சொன்னது. அவள் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் ஃபைல்களெல்லாம் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை, பார்த்துக்கொள்கிறவள். பெற்றோர் சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே திருப்பூரில்தான்.

திருப்பூரை எழுதுகிறவர்கள் சாயத் தண்ணீரை எழுதியாயிற்று, தையல் மெஷினை எழுதியாயிற்று. சர்வரை எழுதுகிற முதல் ஆள் நான்தான் என்று கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: நிட்டிங் மெஷின்களின் இரைச்சலில் வேலம்பாளையம் கண்விழித்த அந்தக் காலையில் பிரிசில்லா —

(வேண்டாம். வேலம்பாளையம் தூங்கினால்தானே கண்விழிக்க.)

இரண்டாவது முயற்சி: find என்பது ஒரு கட்டளை. அதனுடன் -user என்று சேர்த்தால் —

(இப்படித் தொடங்கினால் எழுந்து போய்விடுவீர்கள். ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது.)

சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி சர்வரில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் ஃபைல்கள் மலைபோலக் கிடந்தன. எதை யார் போட்டது என்று தெரியாமல் தினமும் சண்டை. பிரிசில்லா ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது சர்வருக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதினாள். ஆள் பெயரைக் கொடுத்தால் அந்த ஆளுக்குச் சொந்தமான ஃபைல்களையும், குரூப் பெயரைக் கொடுத்தால் அந்தக் குரூப்பின் ஃபைல்களையும் தேடிக் கொண்டுவந்து கொட்டும். அதற்கு அவள் வைத்த பெயர் ‘யாருது’. உள்ளே இருந்த சரக்கு இவ்வளவுதான் ($1 இருக்கும் இடத்தில் நாம் கொடுக்கும் பெயர் போய் உட்காரும்):

find /pattern -user "$1"
find /pattern -group "$1"

(எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு வரிக்கா இவ்வளவு பெருமை? ஆனால் சண்டை நின்றதே. நான் பக்கம் பக்கமாக எழுதி எந்தச் சண்டையை நிறுத்தினேன்?)

3.

ஆஷா அந்தக் கம்பெனியில் கடைசியாகச் சேர்ந்தவள். சங்கரன்கோவில்காரி. கைக்குழந்தைக்குப் போடும், சட்டையும் டிரவுசரும் ஒன்றாய்ச் சேர்ந்த ராம்ப்பர் ஒன்றை, டயப்பர் கட்டிய பிறகும் தொடையில் இறுக்காதபடி, புது வெட்டில் வரைந்து சர்வரில் போட்டாள். போட்ட கையோடு தீபாவளிக்கு ஊருக்குப் போனாள்.

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாவதைப் பார்த்திருப்பீர்கள். போனஸோடு போகிற எத்தனையோ பேர் திரும்பி அதே கம்பெனிக்கு வருவதில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம். கார்த்திகை பிறந்தும் ஆள் வரவில்லை என்றால் ‘நின்னுட்டாங்க’ என்று முடிவுகட்டி, சர்வரிலிருந்து அந்த ஆளின் யூசர் கணக்கை எடுத்துவிடுவார்கள். ஆஷாவின் அம்மாவுக்குத் திடீரென்று ஆபரேஷன். மேனேஜருக்கு போன் செய்து சொல்லியிருந்தாள். மேனேஜர் பிரிசில்லாவிடம் சொல்லவில்லை, பிரிசில்லாவும் கேட்கவில்லை. எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரமே ஆஷா இருந்த பேட்டர்ன் செக்‌ஷனில் அருண்குமார் சேர்ந்தான். முதலாளி மாதவனின் அக்கா மகன்.

(அடிக்குறிப்பு, கீழே போட இடமில்லாததால் இங்கே: சர்வர் எந்த ஃபைலின்மேலும் ஆள் பெயரை எழுதுவதில்லை, ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆளை எடுத்தாலும் ஃபைல்மேல் எண் அப்படியே இருக்கும். கடைசி எண் காலியானால், அடுத்து வருகிறவருக்கு அந்த எண்ணையே கொடுத்துவிடும். நின்றுபோனவரின் லாக்கரைப் புது ஆளுக்குக் கொடுக்கிறார்கள் அல்லவா, உள்ளே இருக்கும் டிபன் கேரியரோடு, அது மாதிரி.)

4.

அருண்குமாரை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். அவனுக்கு ஒரு திமிரான சிரிப்புகூட வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூசியது. அவன் அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காதவன். சிரிப்பை அடித்துவிட்டேன்.

5.

ஆஷா திரும்பி வந்த வாரம், கம்பெனியில் துணி வாங்கும் டென்மார்க் பையர் அந்த ராம்ப்பருக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார். வரைந்தவரையே பேட்டர்ன் செக்‌ஷனுக்குப் பொறுப்பாகப் போடுவது என்று மாதவன் முடிவு செய்தார். எல்லாரையும் கேபினுக்குக் கூப்பிட்டார்.

“ஏனுங்க பிரிசில்லா, இத வரஞ்சது யாருன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க ‘யாருது’வ ஓட்டுங்க. அது சொன்னா சொன்னதுதானுங்க.”

முதலாளி வாயால் இப்படி ஒரு சொல். பிரிசில்லா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயராகக் கொடுத்து ஓட்டினாள். அந்த ஃபைல் வந்து விழுந்தது arun என்ற பெயரில்.

“அட, நம்ம ஊட்டுப் பையனா?” மாதவனின் முகம் மலர்ந்துவிட்டது. “ஏன் கண்ணு, சொல்லவே இல்ல?”

அருண்குமார் வாயைத் திறந்தான். மாமாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

“சார், அத நாந்தான் போட்டேன்” என்றாள் ஆஷா.

“மெஷினு பொய் சொல்லுமாம்மா?”

அப்போதுதான் பிரிசில்லாவுக்கு உறைத்தது. ஆஷாவுடையதுதான் கடைசி எண். காலி செய்தது அவள் கைதான். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ‘யாருது’வின் பெயரும் கெடாது. ஆஷாவின் உழைப்பு மட்டும் இன்னொருவன் பெயரில் போய்விடும்.

(இந்த இடத்தில் அவளை ஒரு பத்தி முழுக்கத் தவிக்க விட்டிருந்தேன். அவளிடம் காட்டினேன். “நான் அவ்ளோ நேரம் எடுத்துக்கல, அண்ணே” என்றாள். கிழித்தேன்.)

“சார், அது பொய் சொல்லல. நான் கேட்ட கேள்விதான் பத்தல. ஆஷா நின்னுட்டானு நெனச்சு யூசர எடுத்தது நாந்தான். அவ நம்பர் இவருக்குப் போயிருச்சு. ஒரு நிமிசம் இருங்க.”

எல்லார் முன்னாலும் மூன்றாவதாக ஒரு வரி டைப் அடித்தாள்:

find /pattern -user "$1" ! -newermt "$2"

அந்த ஆளின் ஃபைல்களில், கொடுத்த தேதிக்குப் பிறகு யாரும் கை வைக்காதவற்றை மட்டும் எடு என்று அர்த்தம். அருண்குமார் வேலைக்குச் சேர்ந்த தேதியைக் கொடுத்தாள். ராம்ப்பர் அப்போதும் வந்தது.

“வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் ஃபைல் போட முடியாதுங்க சார். அதுக்கு முந்தி அந்த நம்பர்ல இருந்தது ஆஷா மட்டுந்தான்.”

சொல்லும்போது குரல் நடுங்கியதா என்று கேட்டேன். “ஏன் நடுங்கணும்? அதான் மூணாவது வரி எழுதிட்டேன்ல” என்றாள். அவளுக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பதில் எனக்குப் பெருமை.

6.

முடிவு ஒன்று: மாதவன் எழுந்து, கண் கலங்க, ஆஷாவின் கையைப் பிடித்து —

(பிடிக்க மாட்டார். திருப்பூரில் எந்த முதலாளி?)

முடிவு இரண்டு: அருண்குமார், “மாமா, அப்படி ஒரு ஃபைல் இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க” என்கிறான்.

(இதை அவன் நிஜமாகவே சொன்னான். கொஞ்சம் தாமதமாக. ஆனால் கதை இதில் முடியவில்லை.)

ஏனென்றால் மாதவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “செரிங்க. ஃபைல ஆஷா பேருக்கே மாத்திருங்க. பொறுப்பு மட்டும் தம்பிகிட்ட இருக்கட்டுமே. குடும்பத்து ஆளுங்க.”

ஆஷா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“பேரும் வேணும் சார், பொறுப்பும் வேணும். ரெண்டும் ஒரே வேலைக்குத்தான.”

இதற்கு மாதவன் சொன்ன பதில் எனக்குத் தெரியும். பிரிசில்லா சொன்னாள். எழுத மாட்டேன். எழுதினால் ‘அப்படியா’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். மாதவனின் நாற்காலியில் இப்போது உங்களை உட்கார வைத்துவிட்டேன். எதிரே ஆஷா நிற்கிறாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள், இனி ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லப்போவதில்லை.

நீங்கள் சொல்லுங்கள். அவள் காத்திருக்கிறாள்.