படம் போடாத மூட்டை

மாப்பிள்ளை அன்றைக்கும் சாப்பிடவில்லை. கிண்ணத்தை ஒருதரம் முகர்ந்தது. அண்ணியின் முகத்தை ஒருதரம் பார்த்தது. பிறகு வாசல் மிதியடியில் போய்ச் சுருண்டு படுத்து, வாலால் மூக்கை மூடிக்கொண்டது.

"கோவிச்சுக்கிட்டாரு" என்றாள் நாத்தனார், வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டே. "பந்தியில அப்பளம் வைக்க மறந்துட்டீங்களா அண்ணி?"

நாய்க்கு அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். அண்ணன் டயர் கடையிலிருந்து சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி அது. வந்த முதல் நாளே இருக்கிற ஒரே மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை தோரணை" என்றாள் நாத்தனார். பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணிக்குப் பெயர் ஒட்டிக்கொண்டதும் இவளால்தான். மூச்சுக்கு முந்நூறு தரம் இவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டு, வேற்று மொழி பேசும் கீழ்வீட்டுக்காரர்கூட அதுதான் அவள் பெயர் என்று நினைத்து, படியில் பார்த்தால் "குட்மார்னிங் அண்ணி" என்பார்.

சிரிப்பதற்கு இப்படி எத்தனையோ இருந்த வீடுதான். ஆனால் இரண்டு மாதமாக மாப்பிள்ளையின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் ஆகிவிட்டது.

வழக்கமாக வாங்கும் தீவனப் பை கடைக்கு வருவது நின்றுபோனதில் ஆரம்பித்தது எல்லாம். அந்த வாரம்தான் அண்ணிக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வேறொரு பை வாங்கிப் போட்டாள், மாப்பிள்ளை திரும்பிக்கொண்டது. அதைவிட நல்லது, அதையும்விட நல்லது என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தாள். விலை ஏற ஏற நாய் இளைத்துக்கொண்டே போனது. பசி தாங்காத அன்று மூஞ்சியைச் சுளித்தபடி நாலு வாய் தின்னும். அண்ணன் தட்டிலிருந்து எதையாவது நழுவ விட்டால் மட்டும் பாய்ந்து பிடிக்கும். "நாக்கு வளர்ந்துபோச்சு, வேற ஒண்ணுமில்ல" என்பான் அண்ணன். மிருக டாக்டரும் அமுக்கிப் பார்த்து, ஊசி போட்டு, நோய் ஒன்றும் இல்லை, நல்ல தீவனமாகக் கொடுங்கள் என்று ஒரு பெயரை எழுதிக்கொடுத்தார். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த விலைக்கு நாம மூணு பேரும் அதையே சாப்பிட்டுக்கலாம்."

அந்த வியாழக்கிழமை மாலை அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரிகிட்ட பேசினேன்" என்றான் கடைசியில். "எங்க கடை மேஸ்திரிதான். தோட்டத்தோட வீடு. ஏற்கெனவே ரெண்டு நாய் இருக்கு. கூட்டாளிங்க தின்னா இதுவும் தின்னும்னாரு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாராம்."

"கேட்டுட்டீங்களா?"

"கேட்டுட்டேன்."

அண்ணி எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை அவள் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் மாப்பிள்ளைதான். ஊர்க் கதை, உறவுக் கதை, யார் மேல் என்ன வருத்தம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதை இன்னொருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாள் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு பெரிய கடைக்குப் போனாள். நாத்தனாருக்கு மருந்துக்கடையில் டப்பா அடுக்கும் வேலை. அந்த ஊர் மொழியில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருந்தாலும் படித்துவிடுவாள். ஒரு சுவர் நீளத்துக்கு நாய்த் தீவனம் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு நாய், கல்யாண ஆல்பத்துக்கு நின்ற மாதிரி பளபளவென்று சிரித்தது.

"படத்தைப் பாக்காதீங்க அண்ணி, மயங்கிடுவீங்க. பின்னாடி திருப்புங்க. முதல்ல எந்தப் பேரு போட்டிருக்கோ அதுதான் உள்ள அதிகம். எங்க கடை சத்துப் பவுடர் டப்பாவும் இப்படித்தான்."

மலிவான பையைத் திருப்பினார்கள். முதல் பெயர் சோளம். இரண்டாவதும் ஏதோ தவிடு. இறைச்சி எங்கேயோ கடைசிப் பக்கம் சாயத்துக்கு முன்னால் ஒளிந்துகொண்டிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த பையில் முதல் பெயரே கோழி இறைச்சி. நாத்தனார் அந்தப் பட்டியலைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த தீவன மண்டிக்குப் போனார்கள். அங்கே மாட்டுக்கும் கோழிக்கும் விற்பது அண்ணிக்குத் தெரியும். பஸ் அந்த வழியாகத் திரும்பும்போது மூக்கில் ஏறும் வாசனை. நாய்க்கும் இருக்குமோ என்று முந்தின நாள்தான் தோன்றியது.

இருந்தது. மூலையில், ஒரு படமும் இல்லாத பழுப்பு மூட்டை. வாய்ப்பக்கம் ஒரு காகிதத் துண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நாத்தனார் டிக்கெட்டை அதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக விரலால் ஒத்துப் பார்த்தாள்.

"அண்ணி! அச்சு அசல் அதே! நாலாவது பேரு மட்டும்தான் வேற, அதுவும் ஏதோ கிழங்கு."

விலையைக் கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை. அதற்கப்புறம்தான் சந்தேகம் வந்தது.

"இவ்வளவு மலிவா எப்படிக் கொடுக்கிறாருன்னு கேளு."

மண்டிக்காரர் தூண் மாதிரி ஆள். கேள்வியைக் கேட்டதும் மூட்டையில் கையை விட்டு ஒரு உருண்டையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக் கடகடவென்று மென்றார். மென்றுகொண்டே ஏதோ சொன்னார். நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

"நாய்க்குப் படம் பாக்கத் தெரியாதாம். அதான் படத்துக்குக் காசு வாங்கலையாம். இன்னொண்ணும் சொல்றாரு அண்ணி, தண்ணி ஊத்தாதீங்க, அப்படியே கொட்டுங்கன்னு."

அண்ணி சரி சரி என்று தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் மூட்டையை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கதவைத் திறந்து பார்த்து, "என்ன இது, கோழித் தீவனமா? நாளைக்கு மாப்பிள்ளை முட்டை போடப்போவுது" என்றான். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெந்நீர் வைத்தாள்.

மண்டிக்காரர் சொன்னதை மறந்துவிடவில்லை. ஆனால் வாய் உள்ள ஒரு ஜீவனுக்கு முன்னால் காய்ந்த கூழாங்கல்லைக் கொட்டிவிட்டுத் தின்னு என்று போவது எப்படி? மாப்பிள்ளை வந்த நாள் முதலாக எந்தத் தீவனமானாலும் வெந்நீரில் ஊறவைத்து, கட்டி இல்லாமல் கையால் பிசைந்து, சூடு பதமாக இருக்கிறதா என்று புறங்கையில் வைத்துப் பார்த்துத்தான் வைப்பாள். அன்றைக்கும் அப்படியே, ஐந்து விரலும் படப் பிசைந்தாள். நல்ல வாசனை வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை ஓடி வந்தது. குனிந்தது. மூக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அவளைப் பார்த்து வாலை ஒருதரம், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆட்டிவிட்டு மிதியடிக்குப் போய்விட்டது.

யாரும் கிண்டல் பண்ணவில்லை. அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விட்டுடும்மா. அங்க போயாவது ரெண்டு வாய் தின்னட்டும்" என்றான். அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிட்டாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் வெளுப்புத் தண்ணீரிலிருந்து சூடாக வந்து விழும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து உதறி மடிக்க வேண்டும். நாளை இந்நேரம் வீடு எப்படி இருக்கும் என்ற நினைப்பில் இரண்டு விரிப்பைத் தலைகீழாக மடித்துவிட்டாள். முடிந்ததும் கையுறையைக் கழற்றி, கை வெடிக்காமலிருக்க அங்கே கொடுக்கும் களிம்பைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

படியேறும்போதே கேட்டது, மொறுக் மொறுக் என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தீவனம் சிதறிக் கிடந்தது. நடுவில் மாப்பிள்ளை, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் வாரி விழுங்கிக்கொண்டிருந்தது.

"மூட்டையை டப்பாவுல கொட்டலாம்னு தூக்கினேன் அண்ணி, அடி விட்டுருச்சு. பாருங்க இவரை! எனக்குப் பெருக்குற வேலையே வைக்கல."

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. "இரு ராசா, இரு, அம்மா பிசைஞ்சு தரேன்" என்று ஓடிப்போய் வெந்நீர் ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்து வைத்தாள். மாப்பிள்ளை முகர்ந்தது. மூக்கை இழுத்துக்கொண்டது. கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போய், அலமாரிக்கு அடியில் உருண்டிருந்த கடைசி உருண்டையை நக்கி எடுத்தது.

நாத்தனார் கிண்ணத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாத்தனார் எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்துத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ அண்ணி!"

"என்னடி?"

"மிருக டாக்டர் ரூம் வாடை அப்படியே அடிக்குது! வெளுப்புத் தண்ணியும் களிம்பும். உங்களுக்குத் தெரியலையா?"

அண்ணி முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதமாக அதிலேயே இருந்து மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் அந்த வாடை வந்தால் அடுத்தது ஊசி என்று குட்டியிலிருந்தே மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, அண்ணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நாத்தனார் டம்ளரில் மொண்டு வேறு கிண்ணத்தில் கொட்டினாள். மொறுக் மொறுக். அடுத்து அண்ணியே கரண்டியால் எட்ட நின்று கொட்டினாள். அதுவும் மொறுக் மொறுக்.

"நாடெல்லாம் நல்ல தீவனம் தேடினோம்" என்றாள் அண்ணி, தரையிலேயே உட்கார்ந்துகொண்டு. "வியாதி என் விரல்ல இருந்திருக்கு." ஆசை ஆசையாய்ப் பிசைந்த கை. இதைப் போய் வெறுத்திருக்கிறதே. ஆனால் வயிறு நிறைந்த மாப்பிள்ளை வந்து அவள் மடியில் தொப்பென்று விழுந்து, ஒரு ஏப்பமும் விட்டது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணீர் வந்தது, துடைக்கக் கையை எடுத்தவள் வாடை ஞாபகம் வந்து தோளில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த மலிவுப் பையே போதுமே அண்ணி?"

"எது, சோளமும் சாயமுமா? போடி. இதே மூட்டைதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரி வந்தார். சலவைச் சட்டை, கையில் சுருட்டிய நாய்ச் சங்கிலி. விஷயத்தைச் சொல்ல வேண்டியது அண்ணன்தான். வாக்குக் கொடுத்தவன் அவன். ஆனால் மணி அடித்த சத்தம் கேட்டதும் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டான்.

"வாங்க அண்ணே, உக்காருங்க."

"தம்பி இல்லையாம்மா?"

"குளிக்கிறாரு."

மேஸ்திரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மாப்பிள்ளை அவர் செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது. அண்ணி இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். மூன்றாவது தரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, ஒரு விஷயம்..."

"அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க சொல்லுங்க அண்ணே."

"இல்லம்மா, நீ சொல்லு."

"யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க, டீ ஆறுது" என்றாள் நாத்தனார் உள்ளேயிருந்து.

அண்ணி எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்தபடி சொல்ல அவளுக்கு வரவில்லை. "மாப்பிள்ளை இங்கயே இருக்கட்டும் அண்ணே. நேத்திலேர்ந்து நல்லாச் சாப்பிடுறான். இவ்வளவு தூரம் வரவச்சுட்டு மாத்திப் பேசுறோம்னு நினைக்காதீங்க. நான் அனுப்ப மாட்டேன்."

மேஸ்திரி அவளையே பார்த்தார். கண்ணை மூடினார்.

"அப்பாடா!" என்று நாற்காலியில் முழு முதுகையும் சாய்த்துக்கொண்டார். "என் வயித்துல பால வார்த்தம்மா. வீட்டுக்காரி வியாழக்கிழமையிலேர்ந்து எங்கிட்ட பேசல. மூணாவது நாய் இந்த வாசப்படி மிதிச்சா நீங்களும் அதுகூடத் தோட்டத்துல படுத்துக்குங்கன்னுட்டா. ஒத்துக்கிட்டேனே, எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னு வர்ற வழியெல்லாம் பொய் யோசிச்சேன். ஒண்ணுகூட உருப்படியா அமையல."

"என்ன பொய் அண்ணே, சொல்லுங்களேன்" என்று டீயோடு வந்தாள் நாத்தனார்.

"நாய் மயிர் பட்டா எனக்குத் தும்மல் வரும்னு."

"வீட்டுல ரெண்டு நாயை வச்சுக்கிட்டா?"

"அதான் சொன்னேனே, அமையலன்னு."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பு குளியலறைக்குள் கேட்டிருக்க வேண்டும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. தாழ்ப்பாள் மெல்ல விலகியது. "என்ன மேஸ்திரி, எப்ப வந்தீங்க?" என்று ஒன்றுமே தெரியாதவன் போல, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான் அண்ணன்.

தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.