ஏழாவது மால்ல ஒரு டொக்

மூணு நாள்ல ஏழு மால். சும்மா அளக்கல, லிஸ்ட்டே போட்டு வச்சிருந்தேன். கோலாலம்பூர் போறேன்னதும் நாங்க தங்கியிருக்கற லேபர் கேம்ப்ல ஆளாளுக்கு முருகன் குகையப் பாரு, ரெட்டை டவரப் பாருன்னாங்க. அதெல்லாம் எங்கயா ஓடிப்போகுது! எனக்கு மால் பாக்கணும். அதுவும் மால்ல இருக்கற எஸ்கலேட்டரப் பாக்கணும்.

சிரிக்காதீங்க, அதான் என் பொழப்பு. பேரு பாலகுரு, ஊரு சாத்தூர் பக்கம். ஷார்ஜா தொழில்பேட்டைல ஒரு எஸ்கலேட்டர் சர்வீஸ் கம்பெனில நாலு வருஷமா ஹெல்பர். நீங்க மேல நின்னுக்கிட்டு கடை பாப்பீங்க, நான் கீழ குனிஞ்சு படிக்கு அடியில ஓடற சக்கரத்தப் பாப்பேன். சத்தத்த வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். கிரீஸ் காஞ்சா கீச்சுன்னு கேக்கும், மணல் புகுந்தா கரகரன்னு கேக்கும். கல்ஃப்ல பாதி கோளாறு மணல்தான்.

இப்படித்தான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். பெருநாளுக்கு மொத நாள் அதுக்கு வச்சாங்க ஆப்பு.

துபாய்ல ஒரு பெரிய மால், செம கூட்டம். நாலாம் நம்பர் எஸ்கலேட்டர் பக்கத்துல நிக்கிறேன், "டொக்"னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப "டொக்". யோசிக்கவே இல்ல, செவப்பு பட்டன அமுக்கிட்டேன். மேல நின்னவங்க எல்லாம் குப்புனு முன்னாடி சாஞ்சாங்க, ஒரு அரபிக்காரர் கையில இருந்த ஜூஸ் ட்ரே பறந்துச்சு. ஃபோர்மேன் சித்தீக் பாய் ஓடி வந்தாரு. ரெண்டு பக்கமும் தடுப்பு வச்சு அடச்சு, ஒரு மணி நேரம் ஓட்டி ஓட்டிப் பாத்தாரு. சத்தமா? மாஃபி! பொட்டு சத்தம் இல்ல. மால்காரங்க கம்ப்ளைன்ட் பண்ணி, எனக்கு வார்னிங் லெட்டர்.

லெட்டர் கூட பரவாயில்லங்க. டெக்னீசியன் டெஸ்ட்டுக்கு ஃபாரம் நிரப்பி வச்சிருந்தேன், பாய் ஒரு கையெழுத்துப் போட்டா போதும். பேனாவ மூடி பாக்கெட்ல வச்சுட்டாரு.

"இல்லாத சத்தத்தக் கேக்கற காத நம்பி நான் எப்படிடா கையெழுத்துப் போட? லீவு இருக்குல்ல, எங்கயாச்சும் போய்ட்டு வா. வந்து கிரீஸ் வாளியத் தூக்கு. டெஸ்ட்ட அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம், போகுது. ஆனா எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அதான் பயமே. நெசமாவே கேட்டுச்சா, இல்ல நானா கேட்டுக்கிட்டேனா? காதே பொய் சொல்லுதுன்னா நான் என்னத்த டெக்னீசியன் ஆக?

கூட வந்தது என் ரூம்காரன் அருள்ராஜ். நாகர்கோவில், கார் ஏசி மெக்கானிக், தொண்ணூத்தி ரெண்டு கிலோ. ஃப்ளைட் ஏறும்போதே மிரட்டுனான். "எலே மக்கா, அங்க வந்து செவப்பு பட்டன் பக்கம் ஒன் கை போச்சுன்னு வையி, ஒன்ன ஜெயில்ல வுட்டுட்டு நான் போயிட்டே இருப்பேன், கேட்டியா?" அதோட நிக்கல. எஸ்கலேட்டர் ஏறும்போதெல்லாம் என் காதுல அவன் ஹெட்போன மாட்டி விட்டு பாட்டு போட்டான்!

ஆனா மால் இருக்கே, அடா அடா அடா! ஒரு மாலுக்குள்ள ரோலர் கோஸ்டரே ஓடுது, அஞ்சாவது மாடில தலைகீழா கத்திக்கிட்டுப் போறாய்ங்க, கீழ ஒரு அம்மா ஒண்ணுமே நடக்காத மாதிரி தேங்கா சோறு தின்னுக்கிட்டு இருக்கு. ஒரு மாலுக்கும் இன்னொரு மாலுக்கும் நடுவுல ஏசி போட்ட பாலம். வெளிய வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, நாங்க நனையாம மூணு மால் தாண்டிட்டோம். நம்ம ஊருல, அதான் ஷார்ஜாவுல, வெயிலுக்குப் பயந்து மாலுக்குள்ள ஓடுவோம். இங்க மழைக்குப் பயந்து ஓடறாங்க. கூட்டம் என்னமோ அதே கூட்டம்தான், கையில காபி, தோள்ல பை, ஒண்ணும் வாங்காம சுத்தறது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்! எஸ்கலேட்டர எண்ணிக்கிட்டே வந்தேன். இருநூத்தி பன்னெண்டு!

மூணாவது நாள் மதியம், ஏழாவது மால். சாயங்காலம் ஏர்போர்ட் போகணும். அருள்ராஜ் ஒரு ஷூ வாங்கி, ஒண்ணு வாங்குனா ஒண்ணு பாதி விலைன்னு இன்னொண்ணும் வாங்கி, கூட ரெண்டு பை வச்சிருக்கான். ரயில் ஸ்டேசனுக்குப் போற நீள எஸ்கலேட்டர்ல ரெண்டு பேரும் ஒரே படில ஒட்டிக்கிட்டு எறங்குறோம். என் காதுல டிரம்ஸு அதிருது. கீழ எறங்கற எடத்துக்கு வந்ததும், காதுல இல்லைங்க, கால்ல! உள்ளங்கால்ல ஒரு இடி.

டொக்.

ஹெட்போன உருவிட்டேன்.

"கேட்டுச்சா?"

"என்ன கேக்க? வா மக்கா, டிரெயின் போயிரும்."

"ஒரு நிமிசம்டா மாப்ள."

திரும்ப மேல போயி தனியா எறங்குனேன். ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ. ஒண்ணுமில்ல. அதே வியாதிதானா? கீழ நின்னு பாத்தேன், ஆளுங்க எறங்கி எறங்கிப் போறாங்க, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அப்புறம் ஒரு குடும்பம், அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரே படில வந்தாங்க, "டொக்"! அருள்ராஜோட ஷூ பெட்டில இருந்த ஆரஞ்சு கலர் சைஸ் ஸ்டிக்கர கிழிச்சேன், அந்தப் படிக்கு அடுத்த படில டப்புனு ஒட்டிட்டேன். ஸ்டிக்கர் உள்ள போச்சு. ஒரு சுத்து முடிஞ்சு மேலருந்து திரும்ப வந்துச்சு. இப்ப அதுக்கு முன்னாடி இருக்கற படிதான் நம்ம ஆளு. அதுல ரெண்டு பேரு நிக்காங்க. நான் தரையோட தலைய வச்சுப் பாக்குறேன்.

கீழ படி உள்ள போற எடத்துல சீப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும் பாத்திருப்பீங்க. அதுக்கிட்ட வந்ததும் படியோட எடது பக்கம் ஒரு விரல் அளவுக்கு எறங்குச்சு. எறங்கி, தகட்ட உரசிக்கிட்டு உள்ள போச்சு. இன்னும் கொஞ்சம் எறங்குச்சுன்னா தகட்டுல முட்டும். முட்டுனா படி நொறுங்கும். அதுல யாரு காலு இருக்கோ!

ஓடிப்போயி செக்யூரிட்டியப் புடிச்சேன். நேபாளி. நம்ம ஷார்ஜா கேம்ப்ல பேசற அதே இந்தி. "பாய், இதை நிறுத்துங்க, படி கெட்டுப்போச்சு." அவரு வாக்கி டாக்கில சொல்லிட்டு, "ஆள் வர்றாங்க, பத்து நிமிசம்"னாரு.

அப்பத்தான் மேல ஒரு ஸ்கூல் கூட்டம் வந்து நிக்குது. அம்பது அறுபது பிள்ளைங்க, எல்லாம் மஞ்ச டீசர்ட்டு.

அருள்ராஜ் என் மூஞ்சியப் பாத்தான். "எலே வேண்டாம். ஒனக்கு இதுவும் தப்பாச்சுன்னா?"

தப்பாச்சுன்னா, ஃபாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டு ஊருக்கே போயிருவேன். அத அவன்கிட்ட சொல்லல. "மேல ஓடுடா! ஒருத்தரயும் ஏற விடாத! ஏற்கெனவே ஏறுனவங்க எறங்கட்டும், அப்புறம் அமுக்கறேன்!"

அவன் திட்டிக்கிட்டேதான் ஓடுனான். ஆனா ஓடுனான்! ரெண்டு கையிலயும் ஷூ பைய வச்சுக்கிட்டு மேல காலப் பரப்பி நின்னான் பாருங்க, கபடி ஆடற மாதிரி. டீச்சரம்மா கத்துது, பிள்ளைங்க சிரிக்குது, இவன் "நோ, நோ, மெசின் ப்ராப்ளம்"னு எல்லாருக்கும் கும்பிடு போடுறான். கடைசி ஆளு எறங்குனதும் அமுக்குனேன். நின்னுச்சு. ஒரு டம்ளர் தண்ணி கூட சிந்தல.

செக்யூரிட்டி என் கையப் புடிச்சுக்கிட்டாரு. பாஸ்போர்ட்டக் கேக்குறாரு. பத்து நிமிசத்துல ஒரு அக்கா வேகமா வந்தாங்க, சேஃப்டி ஷூ, இடுப்புல டூல்ஸ் பை, சட்டைல ஜெயபாரதின்னு பேரு.

"யாரு என் மெசின நிறுத்துனது?"

தமிழு! எனக்கு உசுரே வந்துச்சு. "நான்தாங்க அக்கா. துபாய்ல இதே வேல. ரோலர் போயிருக்கு அக்கா, மணல் புகுந்து..."

"மணலா?" அந்தக்கா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, பேச்சுக்குப் பேச்சு லா போடற மலேசியாத் தமிழ்ல சிரிச்சாங்க. "இது என்னா பாலைவனமா லா? இங்க ஏது மணலு? போன வாரந்தான் சர்வீஸ் செஞ்சேன். நீங்க சுத்திப் பாக்க வந்தீங்களா, என் வேலய சோதிக்க வந்தீங்களா?"

இருந்தாலும் நல்ல மனுசி. தடுப்பு வச்சு, கன்ட்ரோல் பெட்டிய மாட்டி, மெதுவா ஓட விட்டாங்க. ஆரஞ்சு ஸ்டிக்கர் வருது. நான் மூச்சே விடல. முன்னாடி படி தகட்டுக்குள்ள போகுது.

சத்தமே இல்ல. வழுக்கிக்கிட்டுப் போச்சு.

இன்னொரு சுத்து. இல்ல. அந்தக்காவே அந்தப் படில ஏறி நின்னு வந்தாங்க. இல்ல. "சத்தம் இல்லையே தம்பி"ன்னாங்க, இப்ப சிரிக்கல, பாவமா பாத்தாங்க. அதான் தாங்க முடியல. துபாய்லயும் பாய் இப்படித்தான் பாத்தாரு. மன்னிச்சிருங்க அக்கான்னு சொல்ல வாயெடுத்தேன்.

அப்பத்தான் மண்டைல ஏறுச்சு. நானும் அருளும் ஒண்ணா நின்னப்ப கேட்டுச்சு. நான் தனியா போனப்ப கேக்கல. குடும்பமா வந்தப்ப கேட்டுச்சு.

"அக்கா, நீங்க எத்தன கிலோ?"

"என்னா கேள்வி லா இது!"

"வெயிட் போடணும் அக்கா! வெயிட்டு இருந்தாத்தான் எறங்கும்! டேய் அருளு, நீ ஏறுடா!"

"நான் ஏறமாட்டேன், போ! உள்ள விழுந்தா எங்கம்மைக்கு யாரு பதில் சொல்லுவா?"

"விழமாட்டீங்க, நான் ஸ்டாப்புல கை வச்சிருக்கேன். தகட்டுக்கு ஒரு சாண் இருக்கறப்பவே நிறுத்திருவேன்"ன்னாங்க அக்கா. "பைங்களையும் சேத்து புடிச்சுக்குங்க."

தொண்ணூத்தி ரெண்டு கிலோவும் ரெண்டு ஜோடி ஷூவும் கண்ண மூடிக்கிட்டு மெதுவா எறங்கி வருது. நேபாளி பாய் கூட கீழ உக்காந்து பாக்குறாரு.

டொக்!

அந்தக்கா நிறுத்திட்டாங்க. படி எடது பக்கம் சாஞ்சு நிக்கிது, நல்லா தெரியுது, கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்!

"அடியாத்தி"ன்னாங்க அந்தக்கா.

நான் குதிச்சேங்க. அங்கயே, அந்த மாலுக்கு நடுவுல, தங்குதங்குன்னு குதிச்சேன். அருள்ராஜ் எறங்கி வந்து முதுகுல ஒண்ணு வச்சான் பாருங்க, இன்னும் வலிக்குது. மேல மஞ்ச டீசர்ட்டு பிள்ளைங்க என்னான்னே தெரியாம கை தட்டுதுங்க!

படியக் கழட்டுனோம். "கழட்டுனோம்"தான், அந்தக்கா எனக்கு ஒரு ஜோடி கிளவுஸ் குடுத்தாங்க. அடியில ரோலர்னு ஒரு குட்டி சக்கரம், மேல இருக்கற ரப்பர் பாதி பிஞ்சு தொங்குது, உள்ள பேரிங் துருப்புடிச்சு செவசெவன்னு இருக்கு.

"மணலும் இல்ல ஒண்ணும் இல்ல. தண்ணி"ன்னாங்க அக்கா. "தெனமும் மழ. ஈரக் கொடையோட ஏறுவாங்க, சொட்டு சொட்டா உள்ள எறங்கிரும். நானும் எப்பவும் வெறும் மெசினத்தான் ஓட்டிப் பாக்குறேன். ஆள ஏத்திப் பாத்ததில்ல."

வெறும் மெசினத்தான்.

அந்த வார்த்தையக் கேட்டதும் எனக்கு துபாய் நாலாம் நம்பர் ஞாபகம் வந்துருச்சு. கிளவுஸக் கூட கழட்டல, அருள்ராஜ விட்டே போன அமுக்கச் சொன்னேன். துபாய்ல அப்ப காலைலதான், சித்தீக் பாய் அந்த மால்லதான் டியூட்டி.

"பாய், நாலாம் நம்பர் எஸ்கலேட்டரு! அன்னைக்கு நம்ம வெறும் மெசினத்தான ஓட்டிப் பாத்தோம்? வெயிட்டு ஏத்திப் பாருங்க பாய், தொண்ணூறு கிலோவுக்கு மேல!"

"லீவுல போனவன் லீவுல இருடா. ஹலாஸ், போதும், போன வையி."

"பாய், இங்க ஒரு படி இப்பத்தான் எறங்குச்சு. நான் கையில ரோலர் வச்சிருக்கேன். தப்புன்னா ஃபாரத்த நானே கிழிச்சுர்றேன், இனிமே கேக்கவே மாட்டேன். ஒரே ஒரு தடவ பாய்."

பாய் அங்க யாரையோ இருடான்னு சொன்னாரு. அப்புறம், "தொண்ணூறு கிலோவுக்கு நான் எங்கடா போவேன்"ன்னாரு.

"நீங்களே ஏறுங்க பாய்."

கெட்ட வார்த்தைல ஒண்ணு விட்டாரு. ஆனா போன வைக்கல! யார்கிட்டயோ தடுப்பு எடுத்துட்டு வான்னு கத்தறது கேக்குது. நாங்க நாலு பேரும் போனச் சுத்தி தலையோட தலை முட்டிக்கிட்டு நிக்கிறோம், ஜெயபாரதி அக்கா, நேபாளி பாய், அருள்ராஜ், நான். ஒரு சுத்து. எதுவும் இல்ல. பாய் படிய மாத்தி மாத்தி நிக்கிறாரு போல, மூச்சு வாங்குது. அருள்ராஜ் என் தோளப் புடிச்சுக்கிட்டான். அஞ்சு நிமிசம், ஆறு நிமிசம்...

டொக்.

போன்ல, மூவாயிரத்துச் சொச்சம் மைலுக்கு அங்கிட்டு இருந்து, தெள்ளத்தெளிவா.

பின்னாடி யாரோ "நிறுத்து, நிறுத்து"ன்னு கத்தறாங்க.

"எப்படா வர்ற?"ன்னாரு பாய்.

"நாளைக்குக் காலைல பாய்."

"ரூமுக்குப் போகாத. நேரா இங்க வா. இந்தப் படிய நீதான் கழட்டணும். ஃபாரத்தயும் எடுத்துட்டு வா."