ஒன்பதாம் படி

சலவைக்கடைக்காரி தன் கடைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிய ஐந்து சொற்களின் மேல் கால் வைத்து ஏறி, கூரையிலிருந்த மின்விசிறியைத் துடைத்துவிட்டு, அதே சொற்களின் வழியே இறங்கி வந்து மறுபடி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அது ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. சட்டை வாங்க வந்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் பொத்தான் ஒன்று குறைகிறது என்று சண்டை பிடிப்பதில் மும்முரமாக இருந்ததால், மற்ற இருவர்தாம் பின்னால் சாட்சி சொன்னார்கள். சொற்கள் இவை, கீழிருந்து மேலாக: கடல், மடல், மணல், மணம், மரம்.

அது முந்தைய வாரம் ஒன்றின் சொல்லேணிக்கு விடை. எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் அந்தப் புதிர் வரும். அடியில் ஒரு சொல், முடியில் ஒரு சொல், நடுவில் இத்தனை படி என்று போட்டிருக்கும். படிக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். எந்தப் படியிலும் நிஜமான சொல்தான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அதை வாரம் தவறாமல் இருபத்தாறு ஆண்டு போட்டவர் என் வீட்டுக்காரர். பத்திரிகையில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. ஊரில் அவருக்கு ஏணிக்காரர் என்று பெயர்.

ஊரில் எல்லாரும் அந்தப் புதிருக்கு விடை அனுப்புவார்கள், எல்லாருடைய விடையும் சரியாக இருக்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் செவ்வாய்க்கிழமை மாலையில் பத்திரிகை அச்சகத்துக்கு வருவார். பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு பிரதி எடுக்கிறவர் என்பதால் முதலாளி அவருக்கு நாற்காலி போட்டு, அச்சுக்குப் போகாத விடைத்தாளையும் எடுத்து நீட்டுவார். புதன்கிழமை காலைக்குள் விடை தெருத்தெருவாகப் போய்விடும். குலுக்கலில் முதல் பெயருக்கு ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும் பரிசு. தலைமையாசிரியருக்குப் பதினொரு முறை குலுக்கலில் விழுந்ததால் அவரை முதல்பரிசு என்றே அழைத்தார்கள். நாலெழுத்து படித்தவர் வீடு ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு கடிகாரம் தொங்கியது. ஒன்றுகூட மற்றொன்றோடு ஒத்துப்போகாது. விடை அனுப்பாத ஒரே ஆள் சலவைக்கடைக்காரி. பழைய பத்திரிகையைத்தான் அவள் துணி மடிக்க வாங்குவாள். அதில் புதிர் இருக்கும். கடைசித் தேதி போயிருக்கும். அவளாக யோசித்துச் சுவரில் எழுதிக்கொள்வாள்.

மின்விசிறிச் சங்கதி பரவியதும், துணி வெளுக்கிறவளால் முடிந்தது தன்னால் முடியாதா என்று முதல்பரிசுக்கு ஆகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவரில், எல்லா வகுப்பும் கூடியிருக்க, அச்சடித்த மாதிரி அழகான கையெழுத்தில் ஆறு சொல் எழுதினார். முதல் சொல்லில் கால் வைத்தார். அது தாங்கியது. இரண்டாவதில் வைத்தார். கீழே கிடந்தார். எட்டு நாள் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார். பிறகு வங்கி மேலாளர் விழுந்தார், பல் டாக்டர் விழுந்தார், பத்திரிகை முதலாளி விழுந்து எழுந்து யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் பார்த்திருந்தார்கள். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். சுவரில் ஈரம் என்று முதலில் சொன்னது குழு. அடுத்து சாக்கட்டி மட்டம் என்றது. வெளியூரிலிருந்து உயர்ந்த சாக்கட்டி வரவழைத்து, அதிலும் இரண்டு பேர் விழுந்த பிறகு, படித்தவர்களின் ஏணி பார்த்து மகிழ்வதற்கே என்றும், அதில் காலை வைப்பது நாகரிகம் இல்லை என்றும் ஏகமனதாக முடிவுசெய்தது. சலவைக்கடைச் சுவர் தெருவைப் பார்த்து இருந்ததால் அதற்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

ஆனாலும் பெருமையை யாரும் விட்டுவிடவில்லை. ஊர் எல்லையில் 'சொல்லேணி நகரம் உங்களை வரவேற்கிறது' என்று பலகை வைத்தார்கள். புதிரின் வெள்ளிவிழா வந்தபோது, இப்படிப்பட்ட ஊரில் மர ஏணி வைத்திருப்பது மானக்கேடு என்று முதல்பரிசு பேசினார். கைதட்டிவிட்டு ஆளாளுக்கு வீட்டிலிருந்த ஏணியைக் கொண்டுவந்து விளையாட்டுத் திடலில் போட்டுக் கொளுத்தினார்கள். பெயிண்டர்கூடத் தன் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் ஸ்டூல் என்று அடுக்கி ஏறி வேலை பார்த்தார். சொல்லேணி இருந்தது அந்த ஊரில், ஏற ஆள்தான் இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் சலவைக்கடைக்குப் போய், எப்படி என்று கேட்டார். கேட்கத் தோன்றிய முதல் ஆள் அவர்தான்.

"இதுல என்ன அண்ணே இருக்கு? நானா யோசிச்சு எழுதினா தாங்குது. ஒருநாள் எம்புருசன் பின்னாலேருந்து ஒரு வார்த்தையைச் சொல்லிட்டாரு. சரியான வார்த்தைதான். அதுல கால வச்சேன், பொத்துன்னு போயிடுச்சு. காதுல வாங்கின சொல்லு காலத் தாங்காது."

"அப்ப நான் போட்டா?"

"நீங்க கேள்வி போடும்போதே விடையைத் தெரிஞ்சுவச்சுக்கிட்டுதானே போடறீங்க? அது யோசிக்கிறதா அண்ணே?"

அவர் வீட்டுக்கு வந்து அடுக்களைச் சுவரில் எழுதிப் பார்த்தார். இரண்டாம் படியில் சறுக்கி அரிசி டின்மேல் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. கேள்வியாக அவர் தருகிற அடிச்சொல்லும் முடிச்சொல்லும் எப்போதும் தாங்கின. நடுவில்தான் எதுவும் நிற்கவில்லை. "நீயாவது ஒண்ணு போட்டுப் பாரேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு எங்கே நேரம்? தவிர, ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டுக்கொண்டே அவர் புதிரைச் சொல்வார், நான் மோர் ஊற்றுவதற்குள் விடையையும் சொல்லிவிடுவார். ஊரைக் குறை சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டில் நானாகப் போட்டது ஒன்றுகூடக் கிடையாது.

அச்சகம் எரிந்தது ஒரு புதன்கிழமை, நண்பகல். கீழ்த்தளத்தில் காகித உருளைகள் அடுக்கியிருந்த அறையில் பிடித்து, மரப்படிக்கட்டை முதலில் தின்றது. கீழே இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். மாடியில் அவர் ஒருவர்தான், பிழை திருத்த மெய்ப்பைப் பார்த்துக்கொண்டு. கீழ்த்தளம் இயந்திரத்துக்காக இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் கட்டியது. சன்னலுக்கு நேர் கீழே ஈட்டிமுனை வைத்த கம்பிவேலி. குதிக்க முடியாது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆனால் தெருமுனையில் நின்றுவிட்டது. மறுநாள் பரிசளிப்பு விழாவுக்காகக் கட்டிய அலங்கார வளைவு வண்டியைவிட ஒரு சாண் குறுகல். அதை அவிழ்க்க விழாக்குழுத் தலைவரின் உத்தரவு வேண்டும் என்று காவலாளி சொன்னான். போர்வை விரித்துப் பிடிக்கலாம் என்றார் ஒருவர். யார் வீட்டுப் போர்வை என்பதில் பேச்சு நீண்டது. ஏணி கொண்டுவாருங்கள் என்று நான் கத்தினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் சன்னலில் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரைக் கண்ணால் அளந்தார். பிறகு, ஏதோ ஞாயிற்றுக்கிழமை மாதிரி, நிதானமாகச் சொன்னார்: "அடியில பாதம். முடியில சுகம். பத்துப் படி. ஒரு சொல் ரெண்டு தரம் வரக் கூடாது." சுலபமான புதிர். அவர் போட்டதிலேயே இதுதான் சுலபம், பச்சைப்பிள்ளைகூடப் போட்டுவிடும்.

இருநூறு பேர் நின்றார்கள். அத்தனை பேரும் சான்றிதழ் வாங்கியவர்கள். முதலாளி மேலே பார்த்து, "விடையை நீங்களே சொல்லிடுங்க சார், நாங்க எழுதிக்கிறோம்!" என்றார். "நான் சொன்னா தாங்காது" என்றார் அவர். "இதுக்கெல்லாம் விடை அடுத்த வாரம்தானே வரும்" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அது கேலி இல்லை. அந்த ஆள் உண்மையாகவே சொன்னார்.

நான்தான் முதலில் சாக்கட்டியை எடுத்தேன். பாதம் என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. வழக்கம்போல் அவர் சொல்லிவிடுவார் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தார். அதற்குள் சலவைக்கடைக்காரி வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "குடுங்க அண்ணி" என்று சாக்கட்டியை வாங்கி, நான் எழுதியிருந்த பாதத்தின் மேல் கால் வைத்து, முழங்கால் உயரத்துக்கு ஒன்றாக எழுத எழுத ஏறினாள். வாதம், வாரம், தாரம், தூரம். நேரம், ஈரம், ஓரம். எட்டாம் படியில் நின்றாள். புகை அவள் தலையைத் தொட்டது. முடிப்படியாகிய சுகத்தைச் சன்னலுக்கடியில் எட்டி எழுதிவைத்தாள். நடுவில் ஒரே ஒரு படி பாக்கி. அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்தான் பொருந்தும். அவளுக்கு அது வந்துகொண்டிருந்தது; சாக்கட்டி சுவரைத் தொட்டுவிட்டது.

"சுரம்!" என்று கத்தினார் முதல்பரிசு.

சரியான சொல். விடைத்தாளைப் பார்க்காமல், யாரும் சொல்லாமல், வாழ்நாளில் அவராகக் கண்டுபிடித்த ஒரே சொல். அதைக் கூட்டத்தின் பின்னால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஓடிவந்து சாக்கட்டியை வாங்கி அவர் கையால் எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். ஆனால் கண்டுபிடித்ததைக் கத்தாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊர் கைதட்டியது. பக்கத்தில் நின்றவர் அவர் முதுகில் தட்டினார். சலவைக்கடைக்காரியின் கை அந்தச் சொல்லை எழுதி முடித்துவிட்டது. எழுதும்போதே சாக்கட்டி கண்ணாடியில் வழுக்குவது மாதிரி வழுக்கியது என்று பிறகு சொன்னாள். "அண்ணே, அதுல கால் வைக்காதீங்க! தாண்டி வைங்க! தாண்டி!" என்று அவள் அலறினாள். எனக்கே அவள் வாய் அசைவதுதான் தெரிந்தது. கைதட்டல் நிற்கவில்லை. அவர் சன்னலைத் தாண்டிச் சுகத்தின் மேல் நின்றார். கீழே இருந்த கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். அவருக்காக யாரும் கைதட்டியது கிடையாது. அடுத்த காலைச் சுரத்தின் மேல் வைத்தார்.

அவர் எட்டுச் சொற்களைக் கடந்து வேலியின் மேல் விழுந்தார். சனிக்கிழமை காலையில் இறந்தார்.

அடுத்த இதழ் வேறோர் அச்சகத்தில் அடித்து, ஒருநாள்கூடத் தாமதம் இல்லாமல் வந்தது. ஆறாம் பக்கத்தில் அவர் படம். ஏழாம் பக்கத்தின் அடியில், எப்போதும்போல் தலைகீழாக, அந்தப் புதிருக்குச் சரியான விடை. கடினமான ஒன்பதாம் படியை நெருக்கடியான நேரத்தில் கண்டுபிடித்துச் சொன்னதற்காக முதல்பரிசுக்கு, தள்ளிப்போட்ட பரிசளிப்பு விழாவில், சிறப்புக் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு இரங்கல் உரையும் அங்கேயே ஆற்றினார். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் துணி மடிக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். உண்மைதான், அப்போதே நான் சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவள் எனக்கு இஸ்திரி போடச் சொல்லிக்கொடுத்தாள். புதிர் மட்டும் சொல்லித்தர மாட்டேன் என்றாள்.

"அடியும் முடியும் சொல்றேன் அண்ணி. நடுவுல கேட்டீங்க, பெட்டியத் தூக்கிக் கையில வச்சிடுவேன்."

ஒரு வருடம் எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு மூன்று படி வந்தது. அதில் ஏறி, பரணில் அவர் வைத்திருந்த பழைய இதழ்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைக்கு நேரமாகிவிட்டதால் அதைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை.

அச்சகத்தைத் திரும்பக் கட்டியபோது அந்தப் பக்கச் சுவரை மட்டும் இடிக்கவில்லை. செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். சாக்கட்டி எழுத்து மழையில் அழியவில்லை, சுண்ணாம்பு அடித்தாலும் மேலே வந்துவிடுகிறது. அடியில் பாதமும், சலவைக்கடைக்காரி கண்ட ஏழும், முடியில் சுகமும், யாரையும் தாங்குகின்றன. ஒன்பதாம் இடத்தில் சொல் இருக்கிறது, படி இல்லை. இப்போது அந்தச் சொல் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் இனி யாராலும் அதை அங்கே தாங்கும்படி எழுத முடியாது. பெயிண்டர் அந்த ஏணியில் ஏறித்தான் மாடிச் சன்னலுக்கு வர்ணம் அடிக்கிறார். தெருவிளக்குக்காரர் ஏறுகிறார். போன மாதம் முதல்பரிசின் மருமகள் அவர்கள் வீட்டுப் பூனையை இறக்க ஏறினாள். வருடத்துக்கு ஒரு முறை நானும் ஏறிச் சன்னல் விளிம்பைத் துடைத்துவிட்டு வருகிறேன். எட்டாவதில் நின்று காலை நன்றாக அகட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சேலை கட்டியவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்.