ஈஸ்வரியின் வலது தோள்

குப்பன் தன் நாட்டுத் துப்பாக்கியைத் திருப்பத்தூரில் சரிசெய்து கொண்டுவந்த பிறகு, அது வெடிக்கும்போதெல்லாம் உதை அவன் மனைவி ஈஸ்வரியின் வலது தோளில் விழுந்தது, சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது. காவலூருக்கு மேலே இருக்கும் அந்த மலையூரில் இது 2021 புரட்டாசியில் தொடங்கியது. அதற்கு முன்பு அது கழுதை மாதிரி உதைக்கும். சுட்டால் நாலு ஊருக்குக் கேட்டு வனத்துறை ஜீப் வந்து நிற்கும். பட்டறை ஜீவானந்தம் இரண்டு வாரம் வைத்திருந்து, ஸ்பிரிங்கை மாற்றி, கட்டையின் அடியில் பைக் டியூப் ரப்பரை ஒட்டி, குழலுக்கும் என்னவோ செய்து கொடுத்தான். அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. தப்பு வீட்டு வாசலில் நடந்தது. பழுது பார்த்து வந்தது கலப்பையோ கோடாரியோ, வீட்டுக்காரி அதைத் தோளில் சுமந்து வீட்டை மூன்று சுற்று வந்து இறக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். குப்பன் துப்பாக்கிக்கும் அதையே செய்யச் சொன்னான். மூன்றாவது சுற்றில் துப்பாக்கி தன் தோள் எதுவென்று முடிவு செய்துகொண்டது.

முதல் பன்றி விழுந்தபோது ஈஸ்வரி வீட்டில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தோடு போய்ச் சுவரில் மோதினாள். காறை எலும்பு முறிந்தது. வாயிலிருந்து வெடிச்சத்தமும் கொஞ்சம் புகையும் வந்தன. காட்டில் குப்பன் தன் தோளைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். சத்தம் கேட்டு வந்த வனத்துறைக்காரர்கள் மூன்று முறை வீட்டைக் கவிழ்த்துப் பார்த்து, அடிபட்ட ஒரு பொம்பளையைத் தவிர ஒன்றும் இல்லை என்று இறங்கிப் போனார்கள். ஒன்றரை வருஷத்தில் இருபத்து மூன்று பன்றி, நாலு மான். அவளுக்குக் காறை எலும்பு இன்னும் இரண்டு தடவை போனது, முன்பல் இரண்டு போனது, வயிற்றில் இருந்த ஐந்து மாதப் பிள்ளை ஒரு புள்ளிமானோடு போனது. அன்றைக்கும் அந்தப் பாவி மானைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று அவள் காலில் விழுந்தபோது, "கொஞ்சம் தாங்கிக்கோ, கறி நீயுந்தானே துன்றே" என்றான்.

2023 மாசியில், இரண்டு நிலத்துக்கும் நடுவே நிற்கும் புளியமரத்தைப் பங்காளி கோபால் உலுக்கப்போக, கைகலப்பில் அவன் கொடுவாள் குப்பனின் இடது காதைக் கொண்டுபோனது. காதில் கட்டோடு வந்த குப்பன், மறுநாள் முதல் பஸ்ஸில் ஈஸ்வரியைத் திருப்பத்தூருக்குப் போகச் சொன்னான்.

"இன்னாத்துக்கு?"

"பஸ் ஸ்டாண்டுல ஜனத்துக்கு நடுவுல நின்னுக்கோ. பதினோரு மணிக்கு உன் வாயில சத்தம் வரும். இங்க ஒருத்தனுக்கும் கேக்காது."

சுடும் நேரத்தை அவன் முன்கூட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பஸ் ஏறியவள் இரண்டாவது வளைவில் இறங்கிவிட்டாள். கோபால் மேல் அவளுக்கு ஒன்றும் பாசம் கிடையாது. ஒரு மனுஷன் சாவு தன் வாய் வழியாக வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். யானை அளவு பாறை ஒன்றில் வலது தோளை அழுத்திச் சாய்ந்து, காலை மண்ணில் ஊன்றி, முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு உதை வந்தது. எப்போதும் கேட்காமல் கொள்ளாமல் வந்து அவளைத் தூக்கி எறிகிற உதை, இந்தத் தடவை அவளை அசைக்க முடியாமல் பாறையில் விரிசல் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பியது. மேலே ஊரில், புளியமரத்தில் உட்கார்ந்து காய் அடித்துக்கொண்டிருந்த கோபாலுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. குண்டு அவன் காலுக்குக் கீழே கிளையில் ஏறி நாலு காயை உதிர்த்தது. புதருக்குப் பின்னால் இருந்த குப்பன் மேல், இருபத்து ஏழு உயிருக்கான உதையும் இந்த ஒன்றும் சேர்ந்து விழுந்தன. வலது கையும் தோளும் ஒரு மரத்தில் தொங்கின, மிச்சம் கோபால் நிலத்தில் கிடந்தது. துப்பாக்கிக்கு ஒரு கீறல் இல்லை.

பன்றி முட்டிச் செத்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது, யாரும் மறுக்கவில்லை. ஈஸ்வரி அழுதாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனம், அழாமல் எப்படி? ஆனால் பாறையடியில் அவள் கடித்து அடக்கிய சத்தம் வெளியே வராமல் அவளிடமே தங்கிவிட்டது. அந்தப் போகத்தில் பன்றிகள் கேழ்வரகில் இறங்கியபோது அவள் வரப்பில் நின்று வாயைத் திறந்தாள். மூன்று கொல்லை தாண்டி ஓடின. வனத்துறைக்காரர்கள் வந்து கேட்டார்கள், நான்தான் என்றாள், சரி என்று போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து கோபால் வந்து முகம் பார்க்காமல் நின்றான்.

"எங்க சாமைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போங்க, அண்ணி."

ஈஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். இரண்டு தடவை சுட்டுவிட்டு வந்தாள்.